ஒரே வீட்டில் இரண்டு உப்பு ஜாடிகள்

முதல் காய்ச்சல் வந்த அன்று நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஷூவின் மேல்தோலைத் தைக்கிற வேலை. காலை பத்து மணி இருக்கும். தகரக் கூரையில் வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டிக்கொண்டது. கை நடுங்கியதில் தையல் கோடு விட்டு ஓடியது. பக்கத்து மிஷின் ஷகீலா என் கையைத் தொட்டுப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"இன்னாடி வசந்தா, அடுப்பு மாதிரி கொதிக்குது? எழுந்திரு, வூட்டுக்குப் போ. உன் தோல் கட்டை நான் தச்சிப் போட்டுட்றேன்."

எப்படி வீடு போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. பாயில் விழுந்த பிறகுதான் வலது தொடை இடுக்கில் வலி தெரிந்தது. தொட்டால் கொட்டைப்பாக்கு அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அங்கிருந்து முழங்கால்வரை சிவப்பு மையால் யாரோ கோடு இழுத்துவிட்ட மாதிரி ஒரு தடம். அந்தக் கோட்டின் மேல் புடவை பட்டாலே உயிர் போயிற்று.

நான்கு நாளில் எல்லாம் சரியாகிவிட்டது. காலில் முள் ஏதாவது குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே குளிர், அதே கோடு. மூன்றாவது முறை வந்தபோது காய்ச்சல் இறங்கியது, கால் இறங்கவில்லை. வலது கணுக்காலுக்கு மேல் ஒரு வீக்கம் அப்படியே நின்றுவிட்டது. கொலுசு கழலவில்லை. சோப்பு போட்டு வழுக்கி வழுக்கி இழுத்துக்கொண்டிருந்தேன். எதிரில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்த என் மாமியார் கையை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தார்.

"எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிது" என்றார்.

அவ்வளவுதான். மறுபடி பீடி சுற்ற ஆரம்பித்துவிட்டார். நான் சோப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அத்தையின் இடது கால் யானைக்கால். முழங்காலுக்குக் கீழே ஒரே பருமனாகத் தூண் மாதிரி இறங்கி, பாதத்தின் மேல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். தோல் பாகற்காய் மாதிரி முண்டு முண்டாக இருக்கும். பழைய புடவைக் கிழிசலைச் சுற்றி எப்போதும் மறைத்தே வைத்திருப்பார். கல்யாணமாகி வந்த ஐந்து வருடத்தில் நான் அந்தக் காலை முழுதாகப் பார்த்தது இரண்டோ மூன்றோ முறைதான். தொட்டதே இல்லை. யாரையும் தொட விடமாட்டார்.

அன்று ராத்திரி என் கணவரிடம் சொன்னேன். அவர் பெயர் தயாளன். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. வெளியூரிலிருந்து உப்புப் போட்டு வருகிற பச்சைத் தோலை உதறி, தரம் பார்த்து அடுக்குகிற இடத்தில் இருந்தார். உடம்பு தேக்குக்கட்டை மாதிரி. ஒருநாள் தலைவலி என்று படுத்தவரில்லை. என் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். "நாளைக்கு லீவு சொல்ட்டு வர்றேன். வேலூர் போலாம்" என்றார்.

எனக்குக் காலைப் பற்றிய பயத்துக்கு மேல் இன்னொரு பயமும் இருந்தது. ஐந்து வருடமாகக் குழந்தை இல்லை. குழாயடியில் ஒருத்தி, "புள்ளையும் இல்ல, இப்ப காலும் போச்சுன்னா அவன் இன்னா பண்ணுவான், பாவம்" என்று சொன்னது என் காதில் விழவேண்டும் என்றே சொன்னது. பஸ்ஸில் வேலூர் போய்ச் சேரும்வரை அந்த 'பாவம்' என்ற சொல்தான் கூட வந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் விடிகாலையில் சீட்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்தோம். சுவரோரமாக நீள நீளமாக பெஞ்சுகள். குடியாத்தத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வந்தவர்கள். எல்லாப் பெண்களும் புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் எல்லோரும் எல்லோர் காலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். என்னைவிடச் சின்னவள். இரண்டு காலும் வீங்கிப்போயிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டேன். இப்போது நினைத்தாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒட்டிக்கொள்ளும் நோய் என்று அன்று நினைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் என் வருங்காலத்தைப் பார்ப்பது போலவும் இருந்தது.

மதியம் தாண்டித்தான் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும், நிதானமான பேச்சு. என் காலின் முன்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. அந்தக் குழி மெல்ல மேலே வருவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது புழுவால வர்றதும்மா" என்றார். "கொசு கடிக்கும்போது உள்ள போவுது. நெறி கட்டுது பாருங்க, அந்த நெறிக்கு நீர் போற குழாய்ல போய்த் தங்கி, வெள்ளை நூல் மாதிரி வளரும். குழாய் கெட்டுப்போச்சுன்னா நீர் மேல ஏறாம கால்லயே தேங்கிடும். அதான் வீக்கம்."

"என் மாமியார்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சுங்களா?"

"தொட்டா ஒட்டாது. ஒரு சட்டியில சாப்பிட்டாலும் ஒட்டாது. கொசு வழியாத்தான். ஒருத்தர் ரத்தத்துல இருக்கற குட்டிப் புழுவைக் கொசு உறிஞ்சும். பத்துப் பன்னெண்டு நாள் கொசு உடம்புல அது வளரும். அப்புறம் அந்தக் கொசு இன்னொருத்தரைக் கடிக்கணும். உங்க வூட்டாண்ட சாக்கடை இருக்கா?"

எங்கள் தெருவே சாக்கடைக்கரையில்தான் இருந்தது. சாயந்திரம் விளக்கு வைத்தால் கொசு கூரைக்கும் தலைக்கும் நடுவில் கூட்டமாக நிற்கும்.

ரத்தம் பார்க்கவேண்டும், அதுவும் ராத்திரியில் பார்க்கவேண்டும் என்றார். பகலில் அந்தக் குட்டிகள் உடம்பின் உள்ளே எங்கேயோ ஒளிந்திருக்குமாம். கொசு கடிக்கிற நேரம் பார்த்து, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தோலுக்கு அடியில் ஓடுகிற ரத்தத்துக்கு வருமாம். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் ஊர்ந்தது. என்னைப் படுக்கையில் சேர்க்கச் சொன்னார். பிறகு கணவரைப் பார்த்து, "கூட நீங்க இருப்பீங்கல்ல? உங்க ரத்தமும் எடுத்துடலாம்" என்றார்.

"எனக்கு ஒன்னுமில்லீங்களே" என்றார் அவர்.

"ஒரே வூடுதானே. பார்த்துடுவோம்."

பெண்கள் வார்டில் இருபது கட்டில். எட்டு மணிக்கெல்லாம் பெரிய விளக்கை அணைத்துவிட்டார்கள். தூக்கம் வரவில்லை. இப்போது வெளியே வருகிறதோ, இப்போது வருகிறதோ என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு ஆய்வகத்து மனிதர் ஒருவர் ஒரு தட்டோடு வந்தார். கண்ணாடி போட்டவர், அரைத் தூக்கத்தில் இருந்தவர். விரலில் குத்தி மூன்று சொட்டை ஒரு கண்ணாடிச் சில்லில் இழுத்தார். வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்த கணவரையும் எழுப்பிக் குத்தினார். இன்னொரு சில்லில் ஒரு சொட்டைக் காயவிடாமல் ஈரமாகவே எடுத்துப்போனார்.

காலையில் முடிவு சொன்னார்கள். என் ரத்தத்தில் இரண்டு புழு. என் கணவரின் ரத்தத்தில் எண்ணி முடியவில்லை.

நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று மறுபடி கேட்டேன். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சிலருக்குக் கால் வீங்கும், ரத்தத்தில் அதிகம் இருக்காது. சிலருக்கு உடம்பில் ஒன்றுமே தெரியாது, ரத்தம் முழுக்க இருக்கும். அவர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள். கொசு அவர்களிடமிருந்துதான் எடுத்துப்போகும். அவர்களுக்கும் பின்னால் ஒருநாள் காலோ விதைப்பையோ வீங்கலாம், வீங்காமலும் போகலாம்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்ப இவளுக்கு என்னாலதான் வந்திச்சா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. தெருவுல எத்தனை பேருக்கு இருக்கோ."

அடுத்த ராத்திரி மறுபடி குத்தினார்கள். ஆய்வகத்து மனிதர் என்ன நினைத்தாரோ, "பாக்கறியாம்மா?" என்று கேட்டார். கணவர் வேண்டாம் என்று நகர்ந்துபோய்விட்டார். நான் போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். மஞ்சள் வெளிச்ச வட்டம். அதற்குள் வெறும் கண்ணுக்குத் தெரியாத நூல்துண்டுகள் சாட்டை மாதிரி துள்ளின. சுருண்டன, நிமிர்ந்தன, ரத்த அணுக்களை முட்டித் தள்ளின. ஒன்று வட்டத்தைவிட்டு வெளியே போனால் இன்னொன்று உள்ளே வந்தது. அது என் கணவரின் ஒரு சொட்டு ரத்தம். நான் ஓடிப்போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தேன்.

மருந்து மாத்திரைதான். நீளமான பெயர், வாயில் நுழையாது. அட்டையில் டி.இ.சி. என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு நாள் சாப்பிடவேண்டும். புழு கம்மியாக இருந்ததால் எனக்கு லேசாகத் தலை சுற்றியதோடு சரி. அவருக்கு முதல் மாத்திரையைச் சாயந்திரம் கொடுத்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு வராந்தாவிலிருந்து முனகல் கேட்டது. போய்ப் பார்த்தால் மனிதர் சுருண்டு கிடந்தார். காய்ச்சல் அனலாக அடித்தது. மூச்சு இழுத்தது. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வசந்தா, உள்ள ஒடையுது, உள்ள ஒடையுது" என்றார். எலும்பு எலும்பாக வலி, வாந்தி, அடிவயிற்றுக்குக் கீழே தொடமுடியாத வீக்கம். நர்ஸம்மா ஓடிவந்து ஊசி போட்டார். நோயாளி நான், வராந்தாவுக்கு இழுத்துப்போட்ட என் கட்டிலில் அவரைப் படுக்க வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் செத்துப்போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"அவ்வளவு புழுவும் ஒரே நேரத்துல சாவுதும்மா. செத்த புழுவை உடம்பு தாங்கல. ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும்" என்று டாக்டரம்மா சொன்னார். சொன்னபடி அடங்கியது. ஆனால் அதற்குப் பிறகு மாத்திரையைக் கண்டாலே அவர் வாயை மூடிக்கொண்டார். தோல் ஷாப்பில் இருபது தோலை ஒரே மூச்சில் தூக்கிப் போடுகிறவர், உள்ளங்கையில் இருந்த ஒரு வெள்ளை மாத்திரையைப் பார்த்து பின்வாங்கினார். "இங்கியே சாவறதுக்கு நான் ஊர்லயே புழுவோட இருந்துக்கறேன்" என்றார்.

அப்போதுதான் டாக்டரம்மா உப்பைப் பற்றிச் சொன்னார். இதே மருந்தை சமையல் உப்பில் கொஞ்சமாகக் கலந்து கொடுப்பார்கள். ஒரு வேளைக்கு உள்ளே போவது துளிதான், அதனால் இந்த மாதிரி உடம்பைப் போட்டு முறிக்காது. ஆனால் ஒரு வருடம் விடாமல் சாப்பிடவேண்டும். குழம்பு, ரசம், மோர், ஊறுகாய் எல்லாவற்றுக்கும் இதுதான். வேறு உப்பு வீட்டில் இருக்கக்கூடாது.

"கொதிக்க வெச்சா மருந்து போயிடாதுங்களா?" என்று கேட்டேன்.

"போவாது. வூட்ல எல்லாரும் சாப்பிடணும். கைக்குழந்தை இருந்தா மட்டும் கூடாது." பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு நாள் தள்ளிப் போச்சுன்னா உடனே நிறுத்திட்டு வந்து சொல்லணும். மாசமா இருக்கறவங்க சாப்பிடக்கூடாது" என்றார்.

ஐந்து வருடத்தில் எனக்கு நாள் தள்ளிப்போகக்கூடும் என்று யாரும் சொன்னதில்லை. சரி என்று தலையை ஆட்டினேன். உள்ளே வேறு ஏதோ ஓடியது. சாப்பிடக்கூடாது என்றால் குழந்தைக்கு ஆகாத மருந்து என்றுதானே அர்த்தம்? அப்படியானால் குழந்தை வரவே விடாதோ? கேட்க வாய் வரவில்லை.

மொத்தம் பதினான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நான்கு கவர் உப்போடு ஊர் திரும்பினோம். பஸ்ஸில் கணவர் சொன்னார். "அம்மாகிட்ட மருந்துன்னு சொல்லாத. உப்புன்னே இருக்கட்டும்."

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் ஜோலார்பேட்டையில் ரயில்வே கூலி. அவசரநிலைக் காலத்தில் ஊசி போடுகிற கேம்ப் என்று கூட்டிக்கொண்டு போய், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு ஒரே பெண் குழந்தை. அடுத்த வருடம் அந்தக் குழந்தை அம்மை கண்டு செத்துப்போனது. அத்தை அன்றிலிருந்து சர்க்கார் ஆள் யார் எதைக் கொடுத்தாலும் கை நீட்டமாட்டார். கொசுவுக்கு மருந்து அடிக்க வருகிறவர்களைக்கூட வாசலோடு திருப்பிவிடுவார்.

நான் ஜாடியிலிருந்த பழைய உப்பைக் கொட்டிவிட்டு மருந்து உப்பை நிரப்பினேன். பார்வைக்கு ஒன்றும் வித்தியாசம் இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கடைசியில் லேசாக ஒரு கசப்பு. எனக்கு மட்டும் அப்படித் தோன்றியதோ என்னவோ. முதல் நாள் குழம்புக்கு அதிலிருந்தே அள்ளிப் போட்டேன். கணவர் சாப்பிட உட்கார்ந்து, சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொழுதுக்கும் உப்புலயேதான் கெடக்கறேன். இந்த உப்புக்குப் போய் பயப்பட்றேன் பாரு" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. சாப்பிட்டார்.

பத்து நாள் எல்லாம் சரியாகப் போயிற்று. பதினோராம் நாள் அவருக்கு லேசாகக் காய்ச்சல், தலைவலி. இப்படிக் கொஞ்சம் வரும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அவர் பயந்துபோய் அம்மாவிடம் உளறிவிட்டார். நான் கம்பெனியிலிருந்து வரும்போது அத்தை வாசலில் நின்றிருந்தார். கையில் காலிக் கவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"எனக்கும் இதைத்தான் போட்டியா?"

"அத்தை, அது வந்து..."

"பெரியவனுக்கு ஊசின்னு சொன்னானுங்க. சின்னவனுக்கு உப்புன்னு சொல்றானுங்களா? என் வம்சத்தையே அறுத்துட்டுத்தான் வுடுவானுங்களா? அதுக்கு நீ கைகொடுக்கறியாடி?"

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. ஜாடியை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தார். அன்றைக்கே பின்பக்கம் தனி அடுப்பு மூட்டினார். தனி ஜாடி, கடை உப்பு.

மீதி மூன்று கவர் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு ஜாடி, இரண்டு குழம்பு. சாப்பிட உட்காரும் நேரம்தான் எனக்கு நரகம். கணவர் முதல் இரண்டு நாள் என் பானையில் சாப்பிட்டார். மூன்றாம் நாள் அவர் அம்மா கூப்பிட்டார், போய்விட்டார். என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தார். அதிலிருந்து தினமும் அங்கேதான்.

நான் தனியாக அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். அத்தைமேல் கோபம் வரவில்லை. ஏமாற்றியது நான்தான். ஒரு மனுஷியிடம் சொல்லாமல் அவர் வாயில் மருந்தைப் போட்டிருக்கிறேன். அவர் பெரிய மகனுக்கு சர்க்கார் ஆட்கள் செய்ததும் அதுதானே என்று நினைத்தபோது கூசிப்போனேன்.

அந்த மாதங்களில் நான் பயந்த மாதிரி என் வாழ்நாளில் பயந்ததில்லை. மாதாமாதம் நாள் எண்ணுவேன். சரியாக வந்துவிடும். உப்புதான் தடுக்கிறதோ என்று இருக்கும். நிறுத்திவிடலாமா என்று ஒருநாள் கவரைக் கையில் எடுத்தேன். கீழே காலைப் பார்த்தேன், திரும்ப வைத்தேன். ராத்திரியானால் வேறு பயம். பக்கத்தில் படுத்திருக்கும் கணவரின் உடம்பிலிருந்து இப்போது எல்லாம் மேலே ஏறி வந்துகொண்டிருக்கும் என்று தோன்றும். ஒரு கொசு அவர் தோளில் உட்காருவதைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். அடித்தால் உள்ளங்கையில் ரத்தம். அவருடையதா, என்னுடையதா? பத்துப் பன்னிரண்டு நாள் ஆகவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. ஒரு கொசுவலை வாங்கி அதற்குள் நான் மட்டும் படுத்தேன். வலைக்கு வெளியே படுத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"என்னைப் பாத்தா பயமா இருக்கா?"

நான் வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகினேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஷகீலாவிடம் மட்டும்தான் சொல்லி அழுதேன். அவள் அடுத்த நாளே சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவை மூடி வைத்துவிட்டு, "இன்னிக்கு உன் குழம்பு குடு, தனியா துன்னாதே" என்று என் சோற்றில் கை போட்டாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். "எனக்கு இனிமே பொறக்கலன்னா நல்லதுதான், பேஜார் வுட்டுது" என்று சிரித்தாள். அந்த ஒரு வேளைதான் எனக்குத் தொண்டையில் இறங்கியது.

மழைக்காலத்தில் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. கால்விரல் இடுக்கில் புண் பழுத்து, கிழிசலை மீறி நீர் வடிந்தது. வாடை வீடு முழுக்க அடித்தது. இரண்டு நாள் யாரையும் கிட்டே விடவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனா காலை வெட்டிடுவாங்க" என்பதுதான் அவர் பயம். அவருக்கும் பயம் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் பேச்சு குழறியது. கணவர் அவரைத் தூக்கி ஜட்கா வண்டியில் போட்டார், பஸ் ஸ்டாண்டுவரை நான் அந்தக் காலை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தடுக்கிற தெம்பு அவருக்கு இல்லை. அவ்வளவு கனம். அவ்வளவு சூடு.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. பென்சிலின் ஊசி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது, சோப்பு போட்டுக் கழுவி விரல் இடுக்கைத் துடைப்பது. ஐந்தாம் நாள் அத்தை எழுந்து உட்கார்ந்தார். கால் இருந்தது. டாக்டரம்மா வந்தபோது அத்தை நேராகக் கேட்டார்.

"அந்த உப்பு புள்ள பொறக்காம பண்றதுதானே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கேள்வியும் அதுதான்.

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "உங்க மருமவளுக்கு நாள் தள்ளிப் போனா உடனே உப்பை நிறுத்தணும்னு நாந்தான் சொல்லி அனுப்பிச்சேன். புள்ள பொறக்கக்கூடாதுன்னு நெனக்கறவளா இருந்தா அதைச் சொல்லுவேனாம்மா? வயித்துல இருக்கற புள்ளைக்கு எந்த மருந்தும் வேணாம்னுதான் நிறுத்தச் சொல்றது. புள்ள வர்றதை இது தடுக்காது."

அத்தை என் பக்கம் திரும்பினார். "இப்படிச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க அத்தை."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அத்தை மறுபடி டாக்டரம்மாவைக் கேட்டார். "இதைச் சாப்ட்டா என் காலு சின்னதாவுமா?"

"ஆவாதும்மா. பொய் சொல்லமாட்டேன். உங்க காலுக்கு இந்த மருந்தால ஒன்னும் ஆவாது. ஆனா உங்க புள்ள ரத்தத்துல இன்னும் புழு இருக்கு. அவர் நீங்க சமைக்கறதைத்தான் சாப்பிடறார்னு உங்க மருமவ சொன்னா."

அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். இன்னும் இரண்டு நாள் இருந்து வீட்டுக்கு வந்தோம்.

வந்த மறுநாள் காலை பின்பக்க அடுப்பு எரியவில்லை. அத்தை என் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். "அந்தக் கவரை எடுத்தா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் கொட்டி ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டுப் போட்டார். கணவர் தட்டின் முன்னால் தயங்கியபோது, "இன்னாடா யோசனை? நான் போட்ட உப்புதான், வாயை மூடிக்கினு துன்னு" என்றார். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று அவர் கேட்டார். எத்தனையோ மாதம் கழித்து அந்த வீட்டில் மூன்று பேரும் சிரித்தோம்.

அன்றிலிருந்து முழுதாக ஒரு வருடம், கவர் தீரத் தீர வேலூரிலிருந்து வாங்கி வந்தோம். விட்ட மாதங்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, முதலிலிருந்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நடுவில் கணவருக்கு இரண்டு முறை லேசாகக் காய்ச்சல் வந்துபோனது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட அத்தை முந்தானையில் ஒரு பொட்டலம் முடிந்துகொண்டு போவார். எனக்குச் சிவப்புக் கோடு ஒரே ஒரு முறை வந்தது, பிறகு வரவில்லை. உப்பு முடிந்து ஒன்றரை வருடம் கழித்து என் மகள் பிறந்தாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மாதிரி நாள் எண்ணிக்கொண்டு பயந்து கிடக்கும் யாராவது இதைப் படிக்கலாம்.

வருடம் முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் மறுபடி ராத்திரி ரத்தம் கொடுக்க வேலூர் போனோம். அதே பதினொன்றரை மணி. குத்திக்கொண்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்தோம். கணவர் தூங்கிவிட்டார். நான் விடியும்வரை அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, ரெண்டு பேர் ரத்தத்திலும் ஒன்றும் இல்லை என்றார். சந்தோஷப்பட நான் வாய் திறப்பதற்குள், "பெரிய புழு ஒன்னு ரெண்டு உள்ள உயிரோட இருந்தாலும் இருக்கும்மா. ஆறு மாசம் கழிச்சி மறுபடி வாங்க. வலை கட்டிப் படுங்க, ரெண்டு பேரும்" என்றார். என் கால் வீக்கம் முழுக்க வற்றாது என்றும் சொன்னார். காலையில் குறையும், சாயந்திரம் ஏறும், அது அப்படித்தான் இருக்கும்.

மதியம் ஆம்பூரில் இறங்கினோம். கணவர் அப்படியே ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்தேன். அத்தை பீடி முறத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்.

"அவருக்கு ஒன்னுமில்லியாம் அத்தை. ரத்தம் சுத்தமா இருக்காம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு ஏதோ முனகியது. பிறகு கேட்டார்.

"உனக்கு?"

"எனக்கும் இல்ல. ஆனா காலு இப்படியேதான் இருக்குமாம்."

அத்தை என் புடவையைக் கொஞ்சம் ஒதுக்கி, கணுக்காலைக் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். முதல்முறையாகத் தொட்டார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார்.

"இப்படியே இருந்தா போதும்டி" என்றார். "இதுக்கு மேல போவாம இருந்தா போதும்."

பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, எனக்குச் சோறு போட உள்ளே போனார்.